பொட்டு ஒளிர்ந்தால் பொருத்தம் முடிந்ததா? புரதச் சில்லு பற்றி ஓர் எளிய விளக்கம்

காட்பாடியில் எங்கள் தெருவில் பாய் ஒருவர் இருக்கிறார். ராணிப்பேட்டைப் பக்கம் டேனரியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேத்தி பயோடெக்னாலஜி முதுகலை படிக்கிறாள். போன மாதம் ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போன இடத்தில் என்னைப் பிடித்துக் கேட்டார்: "டீச்சரம்மா, புள்ள ஏதோ புரோட்டீன் சிப்புன்னு சொல்லுது. இன்னாம்மா அது, கம்ப்யூட்டர்ல போடறதா, சாப்பிடறதா?"

நியாயமான கேள்வி. 'புரோட்டீன்' என்றதும் டப்பாவில் வரும் மாவு ஞாபகம் வருகிறது. 'சிப்' என்றதும் செல்போன். இந்தக் குழப்பம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். என்னை உறுத்துவது வேறொரு குழப்பம். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். வருடா வருடம் விடைத்தாளில் இந்த வாக்கியத்தைப் பார்க்கிறேன்: "சில்லில் இரண்டு புரதங்களும் ஒட்டின, ஆகவே உடலில் அவை சேர்ந்து வேலை செய்கின்றன." அந்த 'ஆகவே' தப்பு. மாணவர்கள் மட்டும் இல்லை, செய்திக் குறிப்புகளிலும் இதே தாவல் இருக்கிறது. பாய்க்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

புரதம் என்பது ஒரு வடிவம்

முட்டை, பருப்பு, கறி இவற்றில் இருப்பது புரதம் என்று நமக்குத் தெரியும். ஆனால் அது சாப்பாட்டு வகை என்பதைவிட உடம்பின் வேலையாள் என்று நினைத்துக்கொள்வது சரியாக இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். சாப்பாட்டைச் செரிக்கும் நொதிகள் புரதங்கள். சர்க்கரைக்காகப் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் புரதம். மனித மரபணுத் தொகுதியில் புரதம் செய்யும் குறிப்புகள் ஏறக்குறைய 20,000 இருக்கின்றன.

ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்கள் என்ற சிறு மணிகளைக் கோத்த ஒரு மாலை. மணிகளில் 20 வகை. கோத்து முடித்ததும் மாலை சும்மா தொங்குவதில்லை. தானாக மடிந்து, சுருண்டு, ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வந்துவிடும். அந்த வடிவம்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. முட்டையை வேக வைக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளைக்கரு கெட்டியாகி வெளுக்கிறதே, அப்போது மாலை அறுந்துவிடவில்லை. மடிப்பு கலைந்து, ஒன்றோடு ஒன்று சிக்குப்பிடித்துக்கொண்டது. ஆறவைத்தாலும் பழைய வடிவம் திரும்பாது. வடிவம் போனால் வேலையும் போச்சு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று. புரதங்கள் தனியாக வேலை செய்வது அபூர்வம். இன்சுலின் ரத்தத்தில் மிதந்துகொண்டே இருந்தால் சர்க்கரை குறையாது. அது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி என்ற இன்னொரு புரதத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் செல்லுக்குள் சேதி போகிறது. இப்படி ஒரு புரதம் இன்னொன்றைப் பிடிப்பதைத்தான் புரத இடைவினை என்கிறோம். யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்ற பட்டியல் கிடைத்தால் உடம்பு நடக்கும் விதத்தில் பாதி புரிந்துவிடும். அந்தப் பட்டியலைத் தேடும் கருவிகளில் ஒன்றுதான் பாயின் பேத்தி சொன்ன புரதச் சில்லு.

ஒட்டுவதில் இரண்டு விதம்

இந்த இடத்தில் பாய்க்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தோல் பதனிடுகிறவருக்குப் புரதம் தினசரிப் பழக்கம். தோலின் முக்கியமான பொருள் கொலாஜன் என்ற புரதம். ஆவாரம்பட்டை, கடுக்காய் ஊறிய தண்ணீரில் தோலைப் போட்டால், அதில் இருக்கும் டேனின் என்ற பொருள் கொலாஜன் இழைகளைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. ஒரு துண்டு கடுக்காயைக் கடித்தால் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, அதுவும் இதே கதைதான். டேனின் நம் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்துவிடுகிறது. வழவழப்பு போய் நாக்கு வறள்கிறது.

"கடுக்காத் தண்ணிக்கு ஆட்டுத்தோலு மாட்டுத்தோலுன்னு வித்தியாசம் கெடையாதும்மா, எதைப் போட்டாலும் பிடிக்கும்" என்றார் பாய். அதுதான் முதல் விதம். ஆள் பார்க்காமல் ஒட்டுவது. இதைப் பொது ஒட்டல் என்று வைத்துக்கொள்வோம்.

இன்சுலின் ஏற்பியைப் பிடிப்பது இரண்டாவது விதம். ஆயிரம் புரதங்கள் பக்கத்தில் இருந்தாலும் தனக்கு உரியதை மட்டும் பிடிக்கிறது. இது குறிப்பான பிணைப்பு. இதில் பசை எதுவும் கிடையாது. ஒரு புரதத்தின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் உட்காருகிறது. நேர் மின்னேற்றம் உள்ள இடத்துக்கு எதிரே எதிர் மின்னேற்றம் வருகிறது. தண்ணீரைத் தள்ளும் பகுதிகள் ஒன்றை ஒன்று ஒட்டி ஒளிந்துகொள்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பலவீனமான பிடிகள். சட்டைப் பொத்தான் மாதிரி. ஒரே ஒரு பொத்தான் போட்டால் சட்டை விலகும். ஏழும் காஜாவில் சரியாக விழுந்தால் நிற்கும். பொத்தானும் காஜாவும் நேருக்கு நேர் வராத சட்டையில் ஒன்றிரண்டுக்கு மேல் போட முடியாது.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஜோடியைப் பொறுத்தது. சில ஜோடிகள் பிடித்தால் மணிக்கணக்கில் விடுவதில்லை. சில ஜோடிகள் ஒரு நொடிக்குள் பிடித்து, சேதியைச் சொல்லிவிட்டு விலகிவிடும். இந்தப் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதைப் பிணைப்பு வலு என்பார்கள். வலு குறைந்த பிணைப்பு முக்கியமில்லாத பிணைப்பு என்று நினைக்க வேண்டாம். செல்லுக்குள் அவசரச் சேதிகள் பலவும் இப்படித் தொட்டு விலகும் ஜோடிகள் வழியாகவே போகின்றன.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: புரதம் வடிவத்தால் வேலை செய்கிறது, மற்றப் புரதங்களைப் பிடித்து வேலை செய்கிறது, பிடிப்பதில் ஆள் பார்க்காத ஒட்டலும் உண்டு, ஆள் பார்த்த பிணைப்பும் உண்டு.

டெங்கு கார்டில் ஒரு கோடு

புரதச் சில்லை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் தம்பியைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் வேலூரில் யார் வீட்டிலாவது விடாத காய்ச்சல் என்றால் லேபில் ஒரு பிளாஸ்டிக் கார்டை எடுத்து ரத்தச் சொட்டு விடுவார்கள் அல்லவா, டெங்குவுக்கான என்எஸ்1 கார்டு, அதுதான்.

அந்தக் கார்டை அடுத்த முறை கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். அது நைட்ரோசெல்லுலோஸ் என்ற தாள் போன்ற பொருள். புரதத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடாக ஆன்டிபாடியைப் பதித்திருக்கிறார்கள். ஆன்டிபாடி என்பது நம் உடம்பு கிருமிகளைப் பிடிக்கச் செய்யும் புரதம். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்கும். என்எஸ்1 என்பது டெங்கு வைரஸ் செய்யும் புரதம். ரத்தத்தில் அது இருந்தால் பட்டையில் ஊர்ந்து போகும் வழியில் நிறம் கட்டிய இன்னொரு ஆன்டிபாடி அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். கோடு இருக்கும் இடத்துக்கு வந்ததும் அங்கே காத்திருக்கும் ஆன்டிபாடி அதைப் பிடித்து நிறுத்தும். நிறம் அங்கேயே சேரச் சேரக் கோடு சிவப்பாகத் தெரியும். பக்கத்தில் 'சி' என்று போட்ட கோடு, கார்டு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டுவதற்கு. அந்தக் கோடு வரவில்லை என்றால் மற்றக் கோட்டை யாரும் படிக்க மாட்டார்கள்.

புரதச் சில்லின் மொத்த யோசனையும் இந்தச் சின்னக் கார்டில் இருக்கிறது. ஒன்றைப் பதித்து வை. இன்னொன்றை அதன் மேல் ஓடவிடு. பிடித்தால் தெரியும்படி ஓர் அடையாளம் கட்டு. ஒழுங்காக நடந்ததா என்று காட்ட ஒரு சாட்சி வை.

கார்டில் கேள்வி ஒன்றுதான்: என்எஸ்1 இருக்கிறதா? கோடு ஒன்றாக இல்லாமல் பத்தாயிரமாக இருந்தால்?

புள்ளிக்கோலம் போல

அதுதான் புரோட்டீன் மைக்ரோஅரே. தமிழில் புரதச் சில்லு என்று சொல்லலாம். பள்ளியில் மைக்ரோஸ்கோப்புக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லு, 25 மி.மீ. அகலம், 75 மி.மீ. நீளம், அதே அளவுதான். மின்சாரம், சர்க்யூட் எதுவும் கிடையாது. அதன் மேல் ஆயிரக்கணக்கான புரதங்களை ஆளுக்கு ஒரு பொட்டாக வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரு பொட்டின் குறுக்களவு பொதுவாக 100 முதல் 200 மைக்ரோமீட்டர். ஒன்றிரண்டு தலைமுடியை அருகருகே வைத்த அகலம்.

மார்கழியில் வாசலில் புள்ளி வைக்கும்போது வரிசை எண்ணித்தான் வைக்கிறோம். ஒரு புள்ளி தப்பினால் கோலம் சேராது. இங்கேயும் அப்படியே. எந்த வரிசையில் எத்தனையாவது பொட்டில் எந்தப் புரதம் என்ற முகவரிப் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கும். பொட்டைப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது, முகவரிதான் சொல்லும். சில்லைத் திருப்பி வைத்துவிட்டால் எல்லாப் பெயரும் மாறிப்போகும் என்பதால் மூலைகளில் எப்போதும் ஒளிரும் அடையாளப் பொட்டுகள் வைப்பார்கள். ஒரே புரதத்தை இரண்டு தடவை பதிப்பதும் வழக்கம். இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

டிஎன்ஏ சில்லு என்று ஒன்று இதற்கு முன்பே வந்துவிட்டது. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்க ஒன்று போல் இருக்கும். ஆனால் டிஎன்ஏ முரட்டுச் சரக்கு. காய்ந்தாலும் மறுபடி நனைத்தால் வேலை செய்யும், எல்லா டிஎன்ஏவும் ஏறக்குறைய ஒரே குணம். புரதங்கள் அப்படி இல்லை. ஒன்றுக்கு உப்பு வேண்டும், இன்னொன்றுக்கு உப்பு ஆகாது. ஒன்று தண்ணீரில் கரையும், இன்னொன்று கொழுப்புப் படலத்தை விட்டு வெளியே வந்தாலே சுருண்டுவிடும். இத்தனை குணமுள்ளவர்களை ஒரே கண்ணாடியில் உட்கார வைப்பதில்தான் இந்தத் தொழிலின் சிரமமெல்லாம் இருக்கிறது.

முதலில் புரதங்களைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு புரதத்துக்கும் உரிய மரபணுவை ஈஸ்டிலோ பாக்டீரியாவிலோ ஏற்றி, அதைச் செய்யவிட்டு, பிரித்தெடுப்பார்கள். பிரிப்பதற்கு வசதியாகப் புரதத்தின் நுனியில் ஒரு சிறு வால் சேர்ப்பது உண்டு. ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் கொண்ட வால் நிக்கல் அணுக்களைப் பிடிக்கும். நிக்கல் பூசிய கண்ணாடியில் வைத்தால் வால் கீழே, முகம் மேலே என்று புரதம் உட்காரும் வாய்ப்பு அதிகம். நைட்ரோசெல்லுலோஸ் பூசிய சில்லிலும் வைக்கலாம். நன்றாகப் பிடிக்கும், ஆனால் எந்தப் பக்கம் மேலே இருக்கும் என்று சொல்ல முடியாது.

பொட்டு வைப்பது ரோபோ. ஊசிகளைப் புரதக் கரைசலில் தொட்டு, கண்ணாடியில் ஒற்றி, கழுவி, அடுத்ததைத் தொடும். ஒரு பொட்டில் இறங்கும் அளவு ஒரு சொட்டில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அது காய எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? வேலூர் மே மாத வெயிலை விடுங்கள், ஏசி அறையிலேயே கண் இமைக்கும் நேரத்தில் காய்ந்துவிடும். எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு காபி காய்ந்த பிறகு பாருங்கள்: நடுவில் வெளிறி, ஓரத்தில் கருவளையம் கட்டியிருக்கும். புரதப் பொட்டும் அப்படித்தான் வளையம் கட்டும். அதற்காகவே கரைசலில் கிளிசரால் கலக்கிறார்கள், அறையில் ஈரப்பதத்தை உயர்த்தி வைக்கிறார்கள். நல்ல சில்லுக்கும் மோசமான சில்லுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது.

சில்லின் மேல் நடப்பது

சரி, சில்லு தயார். இப்போது நமக்கு ஒரு புரதம் தெரியும். அது யாரையெல்லாம் பிடிக்கிறது என்று அறிய வேண்டும். அதைத் தேடும் புரதம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஓர் ஒளிரும் சாயத்தைக் கட்டுகிறோம். ஒளிரும் சாயம் என்றால், ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிற ஒளியாகத் திருப்பித் தரும் மூலக்கூறு.

அதை நேரடியாக ஊற்றிவிட முடியாது. பொட்டுகளுக்கு இடையில் இருக்கும் வெற்றுக் கண்ணாடியும் புரதத்தை ஒட்ட வைக்கும் தன்மை உள்ளதுதான். அதற்காகத்தானே அதைப் பூசினோம். அப்படியே விட்டால் தேடும் புரதம் கண்ட இடத்தில் ஒட்டிச் சில்லு முழுக்க ஒளிரும். அதனால் முதலில் பாலில் இருக்கும் கேசினையோ மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமினையோ ஊற்றி ஊற வைப்பார்கள். திருவண்ணாமலை பஸ்ஸில் காலி சீட்டிலெல்லாம் துண்டு போட்டு வைப்பது போல. வெற்று இடங்கள் நிரம்பிவிடும். இதற்கு மறைத்தல் என்று பெயர்.

அப்புறம் தேடும் புரதத்தை ஊற்றி, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ குளிரில் வைக்கிறோம். அது சில்லின் மேல் அலைந்து, ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுப் பார்க்கிறது. பிடித்த இடத்தில் நிற்கிறது. பிறகு கழுவுகிறோம். ஒரு தடவை இல்லை, பல தடவை. குறைவாகக் கழுவினால் பொது ஒட்டல் எல்லாம் மிச்சமிருக்கும். அதிகமாகக் கழுவினால் தொட்டு விலகும் ஜோடிகள் தண்ணீரோடு போய்விடும். எவ்வளவு கழுவுவது என்பதற்குச் சூத்திரம் இல்லை, கைப்பக்குவம்தான். சோறு வடிப்பது மாதிரி.

கடைசியில் ஸ்கேனர். லேசர் ஒளி சில்லை வரி வரியாகத் தடவும். சாயம் இருக்கும் இடம் ஒளிரும். அந்த ஒளியை எண்ணாக மாற்றி வைக்கும். பெரும்பாலான ஸ்கேனர்களில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 0 முதல் 65,535 வரை எண். பொட்டின் எண்ணிலிருந்து சுற்றியுள்ள கண்ணாடியின் எண்ணைக் கழித்தால் கிடைப்பதுதான் விடை. பத்திரிகைகளில் வரும் படங்களில் சிவப்பும் பச்சையுமாகப் பொட்டுகள் மின்னுமே, அந்த நிறம் கணினி பூசியது. சிவப்பு ஆபத்து, பச்சை நல்லது என்று யாராவது விளக்கினால் நம்ப வேண்டாம்.

சுருக்கிச் சொன்னால்: பதி, மறை, ஊற்று, கழுவு, படி. ஐந்து வேலை.

பத்தாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று

இது உண்மையிலேயே நடக்குமா என்று சந்தேகம் வரும். 2000ஆம் ஆண்டு ஹார்வர்டில் கேவின் மெக்பீத், ஸ்டூவர்ட் ஷ்ரைபர் இருவரும் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சில்லில் 10,800 பொட்டுகள் வைத்தார்கள். அதில் 10,799 பொட்டுகளில் ஒரே புரதம். மீதி ஒரே ஒரு பொட்டில் எஃப்ஆர்பி என்ற வேறொன்று. தேடும் புரதமாக விட்டது எஃப்கேபிபி12. கழுவிப் படித்தபோது அந்த ஒற்றைப் பொட்டு மட்டும் தேடும் புரதத்தின் நிறத்தில் தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ஜோடி. எஃப்கேபிபி12ம் எஃப்ஆர்பியும் தாமாக ஒன்றையொன்று பிடிப்பதில்லை. நடுவில் ராபமைசின் என்ற சிறு மூலக்கூறு வந்து உட்கார்ந்தால்தான் பிடிக்கும். ராபா நூயி என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த பாக்டீரியா செய்யும் பொருள் அது. பெயரே அந்தத் தீவிலிருந்துதான் வந்தது. சிறுநீரகம் மாற்றியவர்களின் உடம்பு புதிய உறுப்பைத் தள்ளாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளில் சிரோலிமஸ் என்ற பெயரில் இதுவும் ஒன்று. 1971இலேயே இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நம் வேலூர் சிஎம்சியில்தான் நடந்தது. அந்த மருத்துவமனையைச் சுற்றியுள்ள மருந்துக்கடைகளில் கேட்டால் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஒரு மருந்து உடம்பில் செய்யும் வேலை, இரண்டு புரதங்களை நடுவில் நின்று கோத்துவிடுவது. அதைக் கண்ணாடியில் ஒரு பொட்டாகப் பார்க்க முடிந்தது. ராபமைசினைச் சேர்க்காமல் செய்தால் அந்தப் பொட்டு ஒளிராது. ஆக, பிடிக்கிறதா இல்லையா என்பது அந்த இருவரை மட்டும் பொறுத்தது இல்லை, பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதையும் பொறுத்தது.

அடுத்த ஆண்டே, 2001இல், யேல் பல்கலைக்கழகத்தில் ஹெங் ஜூ, மைக்கேல் ஸ்னைடர் குழுவினர் ஈஸ்டின் புரதங்களில் ஏறக்குறைய 5,800ஐ ஒரே சில்லில் பதித்தார்கள். ஈஸ்டிடம் மொத்தமே சுமார் 6,000 மரபணுக்கள்தான். ஓர் உயிரின் புரதங்கள் கிட்டத்தட்ட எல்லாமே உள்ளங்கையில். அதன் மேல் கால்மோடுலின் என்ற புரதத்தை, அதற்குத் தேவையான கால்சியத்தோடு விட்டார்கள். முன்பே தெரிந்த கூட்டாளிகள் ஆறு ஒளிர்ந்தன. தெரியாதவை இன்னும் 33 ஒளிர்ந்தன. அதே நேரம், தெரிந்த கூட்டாளிகளில் சில மாட்டாமலும் போயின. இந்தக் கடைசி வரியைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. எனக்கு அதுதான் அந்த ஆய்வின் நேர்மையான பகுதி.

பத்துப் பொருத்தமும் இருக்கிறது, கல்யாணம் நடந்ததா?

இனி அந்த 'ஆகவே'வுக்கு வருகிறேன்.

இரண்டு ஜாதகங்களை வைத்துப் பார்த்தால் பத்துப் பொருத்தமும் இருக்கலாம். ஒருவர் ஆரணியில், ஒருவர் வாணியம்பாடியில். வாழ்நாளில் சந்திக்கவே இல்லை என்றால் பொருத்தம் காகிதத்தில் இருக்கும், கல்யாணம் இருக்காது. புரதச் சில்லு காட்டுவது பொருத்தத்தை.

செல் என்பது ஒரே அறை இல்லை, பல அறைகள் உள்ள வீடு. சில புரதங்கள் உட்கருவை விட்டு வெளியே வருவதே இல்லை. சில வெளிச்சவ்விலேயே வாழும். சில கருவில் இருக்கும் குழந்தையிடம் மட்டும் உருவாகி, பிறந்த பிறகு நின்றுவிடும். சில்லில் நாம் இவர்களையெல்லாம் ஒரே தெருவில் குடிவைத்துவிட்டோம். வீட்டில் சந்திக்காதவர்கள் இங்கே சந்திக்கிறார்கள், பிடிக்கவும் செய்கிறார்கள். அது பொய்யான பிணைப்பு இல்லை, கண்ணாடியில் அது உண்மைதான். உடம்பில் நடக்கிறதா என்பது தனிக் கேள்வி.

அளவும் ஒரு விஷயம். செல்லுக்குள் ஒரு புரதம் சில நூறு மூலக்கூறுகள் மட்டும் இருக்கலாம். சோதனையில் நாம் தாராளமாக ஊற்றுகிறோம். கூட்டம் அதிகமானால் பலவீனமான பிடிகளும் கண்ணில் படும்.

அப்புறம், தேடும் புரதத்தைக் குறிப்பாகப் பிடிக்காமலே ஒளிரும் பொட்டுகள் உண்டு. கடுக்காய் குணம் கொண்ட புரதங்கள் சில இருக்கின்றன. எதை ஊற்றினாலும் ஒட்டும். இன்னும் சில சாயத்தையே பிடிக்கும். சாயத்தை நேரடியாகக் கட்டாமல் பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டி, அதைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தில் சாயம் வைப்பது ஒரு முறை. ஆனால் செல்லில் சில புரதங்கள் பிறவியிலேயே பயோட்டின் சுமப்பவை. அவை தேடும் புரதம் இல்லாமலே ஒளிரும். இப்படித் தப்பாக ஒளிர்வதைப் போலிப் பிடிப்பு என்கிறோம். இதைக் கண்டுபிடிக்க வழி எளிது: இன்னொரு சில்லில் தேடும் புரதத்தை விடாமல் சாயத்தை மட்டும் விட்டுப் பார்ப்பது. அதிலும் ஒளிர்ந்த பொட்டுகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். டெங்கு கார்டின் 'சி' கோடு மாதிரி, சாட்சி இல்லாத சில்லைப் படிக்கக் கூடாது.

இருட்டாக நிற்கும் பொட்டு

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. "பொட்டு ஒளிரவில்லை, ஆகவே இடைவினை இல்லை." இதுவும் தப்பு.

வேக வைத்த முட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பதிக்கும்போது மடிப்பு கலைந்திருந்தால் அந்தப் பொட்டில் இருப்பது பெயருக்குத்தான் அந்தப் புரதம். மடிப்பு சரியாக இருந்தும், பிடிக்க வேண்டிய முகம் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருக்கலாம். நம் செல்கள் புரதத்தைச் செய்து முடித்த பிறகு அதன் மேல் பாஸ்பேட், சர்க்கரை என்று சிறு சேர்க்கைகளை ஒட்டுவது உண்டு. பாக்டீரியாவில் செய்த மனிதப் புரதத்தில் அந்தச் சேர்க்கைகள் பெரும்பாலும் இருக்காது. தொட்டு விலகும் ஜோடியாக இருந்தால் கழுவும்போதே போயிருக்கும். ராபமைசின் மாதிரி மூன்றாவது ஆள் தேவைப்பட்டிருக்கலாம், நாம் அதை ஊற்றாமல் விட்டிருப்போம்.

மடிப்புச் சிக்கலைக் குறைக்க 2004இல் ஹார்வர்டில் ஜோஷுவா லபேர் குழு ஒரு நல்ல யோசனை செய்தது. புரதத்தைச் செய்து கொண்டுவந்து பதிப்பதற்குப் பதில், அதைச் செய்யும் குறிப்பு அடங்கிய டிஎன்ஏவைப் பொட்டாக வைத்தார்கள். சோதனை அன்று, புரதம் செய்யத் தேவையான செல் சாற்றைச் சில்லின் மேல் ஊற்றினார்கள். ஒவ்வொரு பொட்டிலும் அந்தந்தப் புரதம் அங்கேயே உருவாகி, பக்கத்தில் வைத்திருந்த ஆன்டிபாடியில் மாட்டிக்கொண்டது. பார்சல் தோசைக்கும் கல்லிலிருந்து இலைக்கு வரும் தோசைக்கும் உள்ள வித்தியாசம். புரதம் ஃபிரிட்ஜில் கிடந்து கெடுவதில்லை.

ஆக, ஒளிர்ந்த பொட்டு 'விசாரித்துப் பார்' என்கிறது. இருண்ட பொட்டு 'என்னால் சொல்ல முடியவில்லை' என்கிறது.

பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

பாயும் இதைத்தான் கேட்டார். "அப்ப இதால இன்னாம்மா பிரயோஜனம்?"

20,000 பேரில் யாரை விசாரிப்பது என்று தெரியாமல் இருந்த இடத்தில், இந்த இருபது பேரை விசாரி என்று கை காட்டுவது சின்ன உதவி இல்லை. ஒவ்வொரு ஜோடியாகச் சோதித்தால் ஒரு ஆராய்ச்சியாளரின் ஆயுள் போதாது. சில்லில் ஒரு நாள் வேலை. அதுவும் எல்லாப் புரதத்துக்கும் ஒரே நாளில், ஒரே கரைசலில், ஒரே கழுவலில்.

தேடும் புரதத்துக்குப் பதில் நோயாளியின் ரத்தச் சீரத்தை ஊற்றியும் பார்க்கிறார்கள். மலேரியா ஒட்டுண்ணியின் புரதங்களைப் பதித்த சில்லில், மலேரியா வந்து போனவரின் ஆன்டிபாடிகள் எவற்றைப் பிடிக்கின்றன என்று பார்த்தால், தடுப்பூசிக்கு எந்தப் புரதத்தை எடுக்கலாம் என்று யோசனை கிடைக்கும். உடம்பு தன்னையே தாக்கும் நோய்களில் எந்தச் சொந்தப் புரதத்தைத் தாக்குகிறது என்றும் தேடலாம். ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லா நோயும் தெரியும் என்று யாராவது இதை விற்க வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். ஆராய்ச்சியில் ஒளிர்ந்த பொட்டு, ஆஸ்பத்திரியில் நம்பக்கூடிய பரிசோதனையாக மாறப் பல ஆண்டுகளும் பல ஆயிரம் பேரின் ரத்தமும் வேண்டும்.

விசாரணை எப்படி நடக்கும்? செல்லை உடைத்த சாற்றில் ஒரு புரதத்தை ஆன்டிபாடி கட்டிய சிறு மணிகளால் பிடித்து வெளியே இழுப்பார்கள். அதன் கூடவே மற்றது தொற்றிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால், செல்லுக்குள்ளும் இருவரும் சேர்ந்திருந்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி. பிணைப்பு வலுவைத் தனியாக அளப்பார்கள். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதன் வேலை மாறுகிறதா என்று பார்ப்பார்கள். இருவரும் செல்லில் ஒரே இடத்தில் இருக்கிறார்களா என்று மைக்ரோஸ்கோப்பில் தேடுவார்கள்.

பாயின் பேத்தியின் முதல் பட்டியலில் நாற்பது சொச்சம் பெயர்கள் இருந்தன. சாயம் மட்டும் விட்ட சில்லோடு ஒப்பிட்டதும் பாதிக்கு மேல் அடிபட்டன. இரட்டைப் பொட்டில் ஒன்று ஒளிர்ந்து ஒன்று இருண்டவை இன்னும் கொஞ்சம் போயின. மணிகளால் இழுத்துப் பார்த்தபோது மூன்று பெயர்கள் மிஞ்சின. அதில் ஒன்று உட்கருவுக்குள் வாழ்வது. அவளுடைய தேடும் புரதமோ வெளிச்சவ்வில் இருப்பது. செல்லை உடைத்தபோதுதான் இரண்டும் முதல் தடவை சந்தித்ததோ என்று அவளுக்குச் சந்தேகம். முழுச் செல்லில் இரண்டுக்கும் வேறு வேறு சாயம் கட்டிப் பார்க்க, அடுத்த வாரம் மைக்ரோஸ்கோப்பில் இரண்டு மணி நேரம் வாங்கி வைத்திருக்கிறாள்.